பாளையங்கோட்டையில் தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு மெஸ்

பெயர்ப் பலகை கிடையாது. தெற்கு பஜாரிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பழைய ஓட்டு வீட்டின் முன்கட்டில் நடக்கிறது. மதியச் சாப்பாடு மட்டும், சைவம் மட்டும். நடத்துகிற ஆச்சிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மருமகள் கூடமாட ஒத்தாசை செய்கிறார். எந்தத் தெரு என்று எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதிராத தாயி, கூட்டம் வந்தா எனக்குக் கை ஓடாது” என்றார். சரி, எழுதவில்லை. பஜாரில் பழைய பாத்திரக்கடை எதிலாவது கேட்டால் கை காட்டிவிடுவார்கள்.

சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுதுகிறவர்கள் ருசியில் ஆரம்பிப்பார்கள். நான் சத்தத்தில் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு ஆட்டிசம் உண்டு, சத்தத்தையும் ஆட்களையும் மூளை வேறு விதமாக வாங்கிக்கொள்ளும் பிறவி அமைப்பு. முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் சென்னையில் ஒரு டாக்டர் பார்த்துச் சொன்னார். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் டெக்னீஷியனாக இருக்கிறேன். அங்கே ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் காலையிலிருந்து உறுமிக்கொண்டே இருக்கும். அது என்னை ஒன்றும் செய்யாது, ஒரே சீரான சத்தம். எவர்சில்வர் தட்டு ஒன்று தரையில் விழுந்தால்தான் வினை. பல் கூசும், கழுத்து இறுகும், அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு எதிரே இருப்பவர் வாய் அசைவது தெரியுமே தவிர சொல் உள்ளே இறங்காது. நான் ஓட்டலுக்கு வராததை வீட்டில் கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். டம்ளர் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டால் நான் என்ன செய்ய?

இந்த மெஸ்ஸில் தட்டே கிடையாது, இலைதான். மேலே ஓடு, பக்கத்தில் திறந்த முற்றம். கான்கிரீட் கூடத்தில் கேட்கிற எதிரொலி இங்கே இல்லை. டிவி இல்லை. டியூப் லைட் இல்லை, ஜன்னல் வெளிச்சமே போதுமானதாக இருக்கிறது. துவையல் அரைக்க மிக்ஸி ஓடும். அதற்கு முன்னால் ஆச்சி உள்ளேயிருந்து “மிக்ஸி போடுதேன்” என்று ஒரு குரல் கொடுப்பார். நான் காதைப் பொத்துவதை ஒருநாள் பார்த்துவிட்டு ஆரம்பித்த வழக்கம் அது. ஏன் பொத்துகிறாய் என்று கேட்கவில்லை. இப்போது நான் இல்லாத நாளிலும் குரல் கொடுக்கிறாராம். மெஸ்ஸுக்கு வரும் கூரியர் தம்பி சொல்லிச் சிரித்தான்.

உட்காரும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு இந்த மெஸ் பிடித்துப் போனதற்கு முக்கியக் காரணம் அதுதான். முன்கட்டு குறுகலானது. எதிரெதிரே பெஞ்சு போட இடம் போதவில்லை. அதனால் சுவர் ஓரமாக நீளப் பலகை அடித்து, எல்லோரும் சுவரைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பக்கத்தில் ஆள் உண்டு, எதிரில் இல்லை. கண்ணைப் பார்க்க வேண்டாம். எப்போது சிரிப்பது, எப்போது ‘அப்படியா’ என்பது என்று கணக்குப் போட வேண்டாம். வேலையிடத்தில் காலை முழுக்க ஊசிக்குக் கை நீட்டுகிறவர்களிடம் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்திருந்துவிட்டு வருகிறேன். இங்கே அதை இறக்கி வைத்துவிடலாம். பக்கத்தில் ஒருவர் ரசத்தை உறிஞ்சுவது கேட்கிறது, முழங்கை லேசாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அது போதுமானதாக இருக்கிறது என்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

தனிமைக்கு எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொல்கிறார்கள்: நாலு பேரோடு பேசிப் பழகு. அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள், அண்ணனும் அதைத்தான். ஆனால் எனக்குத் தனிமை வருவது ஆள் இல்லாத இடத்தில் அல்ல. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு நோட்டுப் புத்தகமும் நானுமாக இருந்தால் ஒரு குறையும் தெரிவதில்லை. அம்பாசமுத்திரத்தில் அண்ணன் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். மண்டபம் நிறையச் சொந்தம். எல்லோரும் ஒரு பேச்சுக்குச் சிரித்தார்கள். நான் அரை நொடி பிந்திச் சிரித்தேன். சித்தி திரும்பிப் பார்த்தாள். தனிமை அங்கேதான் வந்தது. வேலையிடத்தில் டீ நேரத்திலும் வரும். நாலு பேருக்குப் பதில் நாற்பது பேரோடு பழகினால் அது பெருகத்தான் செய்யும்.

இதைப் பற்றி டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2012-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனசு புரியாது என்பதுதான் அதுவரை எல்லோரும் சொல்லிவந்தது. மில்டன், புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, எங்களைப் புரிந்துகொள்வதில் மற்றவர்களும் அதே அளவு தடுமாறுகிறார்கள், பழி மட்டும் ஒரு பக்கம் விழுகிறது என்றார். படித்தபோது எனக்குச் சித்தியின் முகம்தான் ஞாபகம் வந்தது. ஆச்சி எந்தக் கட்டுரையும் படித்தவரில்லை. அவருக்கு என்னைப் புரிகிறதா என்றும் தெரியாது. புரிய வேண்டிய அவசியமில்லாமல் காரியம் நடக்கிறது.

அதற்கு இந்த ஊரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் நூறு ஆண்டுகளைத் தாண்டியவை. கையால் பேசிக்கொண்டு தெருவில் போகிறவர்களை இங்கே யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. மெஸ்ஸுக்கு வாடிக்கையாக வரும் இரண்டு அண்ணன்மார் அப்படிப் பேசுகிறவர்கள்தான். அவர்களுக்காக ஆச்சி தானாகவே சில சைகைகள் வைத்திருக்கிறார். விரலைக் குவித்துக் காட்டினால் சோறு. கையை வழித்தால் ரசம். உள்ளங்கையை இலை மேல் கவிழ்த்தால் போதும். முறையான சைகை மொழி இல்லை, அந்த அண்ணன்மார் அதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு, ஆனால் வேலை நடக்கிறது. ரத்தம் எடுக்க வந்த குழந்தைகள் அலறித் தீர்த்த நாட்களில் எனக்கு மத்தியானம் பேச்சே எழும்பாது. நானும் விரலைக் குவித்துக் காட்டுவேன். ஆச்சி போடுவார். உனக்கு வாய் இருக்கிறதே என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

எனக்கு இடது பக்கம் உட்கார்கிறவர் ஓய்வு பெற்ற ஒரு டிராயிங் சார். எங்கள் இருவருக்கும் பேச்சு என்றால் அணைக் கணக்குதான். என் ஞாயிற்றுக்கிழமை நோட்டைச் சொன்னேன் அல்லவா, அதில் இருப்பது அது. பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. தினமும் பேப்பரில் வரும் நீர்மட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்தே எழுதி வருகிறேன். வேறு ஊரில் பிறந்திருந்தால் இதை ஒரு கோளாறு என்றே சொல்லியிருப்பார்கள். திருநெல்வேலிச் சீமையில் அணை ஏறியதா இறங்கியதா என்று கேட்காத ஆள் யார்? கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்களா, பிசான நெல் தேறுமா என்ற கவலை வயல் இல்லாதவனுக்கும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் கேட்கவே வேண்டாம்.

சார் வந்து உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்தபடியே, “ஏ தாயி, பாபநாசம் ரெண்டடி ஏறிட்டுல்லா” என்பார். “சேர்வலாறும் ஏறியிருக்கு சார்” என்பேன். இரண்டும் சுரங்கப்பாதை வழியாக இணைந்த அணைகள், ஒன்று ஏறினால் மற்றதைப் பார்க்க வேண்டும். “மணிமுத்தாறு?” “அது எங்க, படுத்துக் கெடக்கு.” அதோடு முடிந்தது. சில நாள் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் வரிசையாகச் சொல்லச் சொல்லுவார். ஸ்ரீவைகுண்டம் வரை ஒப்பித்தால் “ம்” என்பார். நலமா, கல்யாணம் எப்போது, தனியாகவா இருக்கிறாய் என்பதெல்லாம் அவர் பாடத்திட்டத்தில் இல்லை. எனக்கு அவர் வீடு எங்கே என்று தெரியாது. அவர் வராத நாளில் இலை பாதிதான் இறங்குகிறது.

கேட்கிறவர்கள் வராமல் இல்லை. ஒருநாள் ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊர், யார் வீடு, வீட்டுக்காரர் என்ன செய்கிறார், ஏன் இன்னும் ஆகவில்லை என்று வரிசையாகப் போனார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, நம் ஊர்ப் பிரியம் அப்படித்தான் வரும். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆச்சி குழம்பு வாளியோடு வந்து, “சோறு ஆறுது, சாப்பிடுங்க” என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியாதபடி சொன்னார். பேச்சு நின்றது.

மற்ற ஏற்பாடுகளையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வீட்டுக்கே சாப்பாடு கொண்டுவரும் செயலிகள் வசதிதான், ஆனால் வாசலில் பையை வைத்துவிட்டுப் போன பையன் முகம்கூட ஞாபகம் இருக்காது. ஊரில் ஒரு ஏசி ஓட்டலுக்குப் போனேன். பாட்டு ஒரு பக்கம், சுவரெல்லாம் கண்ணாடி, வாயில் இருப்பதை விழுங்குவதற்குள் “வேற என்ன மேடம்” என்று வந்து நிற்கிறார்கள். சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் வாங்கினேன். நல்ல பொருள், பஸ்ஸில் அது இல்லாமல் போவதில்லை. ஆனால் சாப்பிடும்போது போட்டுக்கொண்டால் சத்தத்தோடு ஆட்களும் போய்விடுகிறார்கள். என்னைப் போன்ற பெரியவர்கள் சிலர் இணையத்தில் கூடிப் பேசுகிறோம். அங்கே யாரும் அரை நொடி பிந்துவதைக் கவனிப்பதில்லை, கேமராவை அணைத்துவிட்டும் பேசலாம். அதை விட மாட்டேன். ஆனால் அவர்கள் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆச்சிக்குத் தெரியும். திரும்பிப் போனபோது, “ரசம் கூடுதலா ஊத்துதேன்” என்றார், விசாரணை அவ்வளவுதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், கேட்பார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ், அடையாள அட்டை, அரசு வேலையில் ஒதுக்கீடு என்று அதன் பயன்கள் தனி. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் கொடுப்பது சட்டத்தின் வேலை இல்லை.

இந்த இடத்தில் எனக்கு டொனால்ட் டிரிப்லெட் ஞாபகம் வருவார். மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் முதலாவதாக வரும் சிறுவன் அவர்தான். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். கல்லூரி முடித்து, உள்ளூர் வங்கியில் வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, தனியாகவே பல நாடுகள் சுற்றி, 2023-இல் தம் 89-ஆவது வயதில் காலமானார். தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு எண் வைப்பாராம். ஊர் அதைப் பைத்தியம் என்று ஒதுக்கவில்லை, தங்களுக்கு வைத்த எண்ணைச் சொல்லிக்கொண்டார்கள். வீட்டில் வசதி இருந்தது, அந்த வங்கியே தாய்வழிக் குடும்பத்துடையது, அதையும் மறைக்கக் கூடாது; ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஊர் இவ்வளவு பொறுமையாக இருந்திருக்குமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனாலும் எண் சொல்லும் ஒருவரை ஓர் ஊர் எண்ணோடு ஏற்றுக்கொண்டது நடந்திருக்கிறது. சார் “ரெண்டடி ஏறிட்டுல்லா” என்னும்போது அதை நினைத்துக்கொள்வேன்.

இனி சாப்பாடு. கிழமைக்கு ஒரு குழம்பு, மாறாது: திங்கள் இடிசாம்பார், செவ்வாய் சின்ன வெங்காயத் தீயல், புதன் மோர்க்குழம்பு, வியாழன் சொதி, வெள்ளி சாம்பாரும் அவியலும், சனி உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். என்ன வரப்போகிறது என்று முன்கூட்டித் தெரிவது எனக்குப் பாதிச் சாப்பாடு. சாப்பாடு 80 ரூபாய், சொதி அன்றைக்கு 100.

மற்ற நாட்கள் நல்ல வீட்டுச் சமையல், அதற்கு மேல் புகழ ஒன்றுமில்லை. மோர்க்குழம்பு சில நாள் நீர்த்துவிடும். சொதிக்குத்தான் போக வேண்டும். தேங்காயை மூன்று பால் எடுக்கிறார்கள். மூன்றாம் பாலில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் வேகும். வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேரும். பச்சைமிளகாயும் இஞ்சிச் சாறும்தான் காரம். முதல் பால் கடைசியில், கொதிக்க விட்டால் திரிந்துவிடும் என்று ஆச்சி மருமகளைக்கூட அதை ஊற்ற விடுவதில்லை. இறக்கி வைத்த பிறகு எலுமிச்சை பிழிகிறார். பக்கத்தில் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குச் சிப்ஸும். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்து இது. எனக்கு மாப்பிள்ளையும் இல்லை, மறுவீடும் இல்லை, வியாழக்கிழமைதோறும் சொதி உண்டு.

முருங்கைக்காய் நார் நாக்கில் பட்டால் எனக்கு அந்த வாய்ச் சோறு முழுக்க வெளியே வந்துவிடும். கூட்டு ஓடிவந்து சோற்றைத் தொட்டாலும் கஷ்டம். பெரிய ஓட்டலில் இதைச் சொன்னால் சின்னப் பிள்ளையா என்பது போல் பார்ப்பார்கள். இங்கே ஆச்சியின் மருமகள், நான் மதினி என்று கூப்பிடுகிறவர், ஒருநாள் இலையில் கூட்டைச் சுற்றி நான் விரலால் வரப்பு கட்டுவதைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து கூட்டைக் கிண்ணத்தில் வைக்கிறார். சொதியில் என் பங்கு முருங்கைக்காய் அந்த அண்ணன்மாருக்குப் போகிறது. அவர்கள் தலையாட்டி வாங்கிக்கொள்கிறார்கள்.

குறைகளும் உண்டு. கைகழுவும் குழாய் முற்றத்தில் இருக்கிறது, படி வழுக்கும். கழிப்பறை கிடையாது. போட்டித் தேர்வு நடக்கும் நாட்களில் வெளியூர்ப் பிள்ளைகள் கூட்டம் தெரு வரை நிற்கும், அன்றைக்குப் போகாதீர்கள். தசராவுக்கு அம்மன் சப்பரங்கள் வரும் நாட்களில் தெருவெல்லாம் ஒலிபெருக்கி. மெஸ் திறந்திருந்தாலும் என்னால் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. எனக்கு ரொம்பக் கஷ்டம் கொடுத்தது, ஆச்சிக்கு மூட்டுவலி வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் கதவு சாத்தியிருப்பது. பூட்டைப் பார்த்தால் அந்த மத்தியானமே எனக்குக் கலைந்துபோகும், வேறு எங்கே போவதென்று தெரியாமல் பட்டினியாகவே வேலைக்குத் திரும்பியிருக்கிறேன். மதினியிடம் சொன்னேன். இப்போது காலையிலேயே “இன்னைக்கு இல்லை” என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. கேட்டால் உங்களுக்கும் அனுப்புவார்.

இன்னொன்று. ராத்திரி எட்டு மணிக்கு இந்த மெஸ் ஒன்றும் செய்யாது. மாடி வீட்டில் தோசையைத் திருப்பிப் போடும்போது வருகிற தனிமை அப்படியேதான் இருக்கிறது. மத்தியானத்துக்கு மட்டும்தான் இது வழி. ராத்திரிக்கு எதையாவது கண்டுபிடித்தவர்கள் எழுதுங்கள்.

பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை. ஞாயிறு விடுமுறை. செல்போனில் பணம் அனுப்ப வழியில்லை, சில்லறை கொண்டுபோங்கள். 500 ரூபாய்த் தாளை நீட்டினால் ஆச்சி நாளைக்குக் கொடு என்று சொல்லிவிடுவார், அப்புறம் அவரே மறந்துவிடுவார், நீங்கள்தான் ஞாபகம் வைத்துக் கொடுக்க வேண்டும். மார்கழி, தையில் போனால் சிறுகிழங்குப் பொரியல் கிடைக்கும். வியாழக்கிழமை போவதாக இருந்தால் ஒரு மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் சொதி மிஞ்சாது.